தீர்த்தம் பட்ட இடம்

அதன்மேல் கால் பட்டுவிடாமல் பார்த்துக்கொள் மகளே. கோபமாகச் சொல்லவில்லை. காலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டால் போதும்.

மெழுகுதிரிதான். ஆளுயர மெழுகுதிரி. உவரி அந்தோணியாருக்கு நேர்ச்சை. கண்டக்டர் தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். "அப்போ வெயில் படாம வையுங்க யம்மா, உவரி போறதுக்குள்ள திரி மட்டுந்தான் மிஞ்சும்" என்று கேலி பண்ணிவிட்டு, அவனே சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனான். தள்ளும்போது ஒரு சத்தம் கேட்டதே, உனக்கும் கேட்டிருக்கும். மெழுகு அப்படிச் சத்தம் போடாது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

நீ உவரிப் பெண் என்றுதானே சொன்னாய்? பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு, லீவுக்கு வீட்டுக்குப் போகிறாய். கழுத்தில் மாதா சுரூபம் கிடக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன. செவ்வாய்க்கிழமை அந்தோணியாரிடம் போகிற வழியில் இரண்டு பேரிடம் பொய் சொல்ல வேண்டாம். கண்டக்டரிடம் சொன்ன ஒன்றே போதும்.

அது வாள்.

எழுந்திரிக்காதே மகளே, உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன். திருடிக்கொண்டு வரவில்லை. யாரையும் வெட்டவும் கொண்டுபோகவில்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த வாள் அது. வேலைக்கு என்றால், சுத்தம் பண்ண. என் மகன் இன்னாசி பழைய வாள்களைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறான். பட்டறை எல்லாம் கிடையாது, எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ரெஜினா தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்து நன்றாக இருக்கிறாள். இவனைப் பற்றித்தான் என் ஜெபமாலை முழுவதும்.

முதலில் ஓமனில் வெல்டிங் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை லீவு. அங்கே பழைய கடைத்தெருவில் வளைந்த கத்திகளைச் சுத்தம் பண்ணுகிற கடை ஒன்று உண்டாம், லீவு நாள் முழுக்க அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வானாம். இவனுக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை பார். அப்புறம் அவன் அப்பா இறந்துபோனார். அவன் வந்து சேர்வதற்குள் அவரைப் பெட்டியில் வைத்துவிட்டோம், முகத்தை மட்டும் பார்த்தான். "இனி உன்ன விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன் யம்மா" என்றான். நான் மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். வாளோடு இருப்பான் என்று அப்போது எனக்குத் தெரியாதே.

அது பெரிய வேலை மகளே. முதலில் மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்துத் துருவை எடுப்பான். பிறகு எமரித் தாளை மாற்றி மாற்றித் தேய்ப்பான், தேய்ப்பான், அப்படித் தேய்ப்பான். வாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் அந்தக் காப்பித் தண்ணீர். காப்பி இல்லை, நிறம் அப்படி. ரேடியோக்குள் இருக்கிற பலகையில் செம்பை அரிப்பதற்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கிற திராவகம். ஒரு பக்கம் மூடி போட்ட நீளமான பிளாஸ்டிக் குழாயில் அதை ஊற்றி, வாளை உள்ளே இறக்குவான். எடுத்துக் கழுவினால், வெறுமனே பளபளத்துக்கொண்டிருந்த இரும்பில் வரிவரியாகத் தெரியும். ஓடுகிற தண்ணீரை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். "இது நான் வரஞ்சதில்ல யம்மா. உள்ள இருக்கதுதான். திராவகம் வெளிய காட்டுது, அவ்வளவுதான்" என்பான்.

உள்ளே இருக்கிறது என்று அவன் சொன்ன அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் முக்கித் திராவகத்தைச் சாகடிப்பான். வெந்நீரில் கழுவுவான். வெயிலில் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைப்பான். வெறும் கையால் தொடவே விடமாட்டான். வேர்வையில் உப்பு இருக்கிறதாம், விரல் ரேகை பட்ட இடம் அப்படியே துருப்பிடித்துவிடுமாம். நான் ஒரு நாள்கூட அதைக் கையால் தொட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். இப்போதுகூட என் பழைய சேலையில் சுற்றி, சேலையைத்தான் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுச் செண்பகம் இருக்கிறாளே, மாடியில் துணி காயப்போட வரும்போதெல்லாம் கேட்பாள். "என்னக்கா, ஒங்க வீட்டுல யாருக்கு யாரு மேல கோவம்?" சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். எனக்குச் சிரிப்பு வராது. போலீஸ் ஜீப் தெருவில் திரும்பினாலே அடுப்பை அணைத்துவிட்டு நடுவீட்டில் போய் நின்றுகொள்வேன். "எல்லாம் குடுத்தவ்வோ குடும்பத்து வாள், அதுக்கு அவ்வோகிட்ட ரசீது இருக்கு, நீ பேசாம இரு" என்பான் இன்னாசி. ரசீது இருந்தால் வாளுக்குக் கூர் இல்லாமல் போய்விடுமா?

முன்னால் வந்தது எல்லாம் சின்னச் சின்ன வாள்கள். வந்தன, போயின. இது அப்படி இல்லை. இது மழைக்கு முன்னால் வந்தது. குமாரசுந்தரம் ஐயா என்று ஒருவர், பழைய பாளையக்காரர் வம்சம். அரண்மனை எல்லாம் இப்போது இல்லை, அவர் வாடகைக்கு வேன் விடுகிறார். தன்மையான மனுஷர். எங்கள் வீட்டில் காப்பி குடித்தார். அவர்கள் வீட்டில் தசராவுக்கு இதைப் பூசையில் வைப்பார்களாம். கறுத்துப்போய்க் கிடக்கிறது, வரி தெரிகிற மாதிரி பண்ணித் தரவேண்டும் என்றார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இது சும்மா இருந்த வாள் இல்ல கேட்டியளா" என்று பெருமையாகச் சொன்னார். அவருக்குப் பெருமை. நான் அந்தக் காப்பித் தம்ளரைக் கழுவவே வெகுநேரம் ஆயிற்று. திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அவர்கள் சாமியை நான் குறை சொல்லவில்லை. அவரவர்க்கு அவரவர் சாமி. ஆனால் எத்தனை உயிர் அதில் போயிருக்கும்? அந்த உயிர்களுக்கு யார் பூசை வைத்தது? நீயே சொல்லு.

வந்த வாரத்திலேயே இன்னாசியின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. எமரித் தாள் நழுவிவிட்டதாம், அவன் சொல்கிறான். இரத்தம் வாள் முழுக்க. கையைக் கட்டிக்கொண்டு, முதலில் வாளைத்தான் துடைத்தான் மகளே, தரையை அல்ல. அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். இது ருசி கண்டுவிட்டது, இனிமேல் சும்மா விடாது என்று.

என்னால் என்ன செய்ய முடியும்? எட்டாவது படித்தவள். எனக்குத் தெரிந்தது ஜெபம். வீட்டில் மாதா படத்துக்குக் கீழே எப்போதும் தீர்த்தம் இருக்கும். அதில் உவரியில் வாங்கிய மந்திரித்த உப்பையும் ஒரு கை அள்ளிப் போட்டுக் கரைத்து வைத்திருப்பேன். அப்போதுதான் அதற்கு வலு. குருத்தோலை ஞாயிறுக்குக் கொண்டுவந்த ஓலையும் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். அந்த ஓலையைத் தீர்த்தத்தில் முக்கி, வாள்மேல் தெளித்தேன். கையால் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான் இல்லையா, அதனால்தான் ஓலை.

அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். எண்ணெய் பூசிவிட்டால் தீர்த்தம் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். ஒரு தடவை பார்த்துவிட்டேன். அதனால் திராவகம் போட்டுக் கழுவி, வெயிலில் சாய்த்துவைத்துவிட்டு அவன் சாப்பிட இறங்குவானே, அந்த நேரம். அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, மோர் மிளகாய் எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போய்விடுவேன். பரலோக மந்திரம் ஒன்று, அருள்நிறை மந்திரம் ஒன்று, தெளிப்பு. அவன் கை கழுவுவதற்குள் வெயிலில் காய்ந்துவிடும்.

மறுநாள் காலையில் அவன் துணியைப் பிரித்தான். எண்ணெய்க்கு அடியிலிருந்து சிவப்பாக, பொட்டுப் பொட்டாக. நான் பின்னால்தான் நின்றேன். தெறித்த இரத்தம் எப்படி இருக்கும், அப்படி. அவன் முகம் செத்துப்போயிற்று. "சோடா பத்தல போலுக்கு யம்மா" என்றான். நான் வாயே திறக்கவில்லை. ஏன் தெரியுமா? நான் தெளித்த இடம் எனக்குத் தெரியுமே. தீர்த்தம் பட்ட இடத்தில்தான் வந்திருந்தது. ஒரு பொட்டுகூட வெளியே இல்லை. உவரியில் நீ பார்த்திருப்பாய், பசாசு பிடித்தவர்கள் மேல் தீர்த்தம் பட்டதும் துள்ளுவார்கள். அந்த மாதிரி இது இரத்தம் கக்குகிறது.

அவன் திரும்பவும் முதலிலிருந்து தேய்த்தான். திரும்பவும் திராவகம், சோடா, வெந்நீர். நானும் விடவில்லை, திரும்பவும் தெளித்தேன். முந்தி தெளித்ததைவிட அதிகமாக. அதுவும் முந்தி கக்கியதைவிட அதிகமாகக் கக்கியது.

பாவம், அவன் என்னென்னவோ பண்ணிப் பார்த்தான். குழாய்த் தண்ணீர்தான் கோளாறு என்று கேன் தண்ணீர் வாங்கினான். திராவகத்தையே புதிதாக வாங்கினான். சோடாவை மூட்டையாகக் கரைத்தான். ஆப்பம் சுட எனக்கு ஒரு சிட்டிகை மிச்சமில்லை. எல்லாம் பண்ணியும் காலையில் பிரித்தால் சிவப்பு. சாப்பாடு குறைந்துபோயிற்று. பிறகு ஒரு நாள் கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாக்கு வந்தது எனக்கும் வந்துட்டு யம்மா" என்றான்.

அவன் அப்பா மில்லில் லேத் பிடித்தவர். நல்ல வேலைக்காரர். கடைசியில் கை மறந்துபோயிற்று. அளவு எடுப்பார், எடுத்தோம் என்று நினைப்பார், எடுத்திருக்கமாட்டார். அவர் செய்த சாமானை அவர் கண்முன்னாலேயே தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அந்த அவமானத்திலேயே படுத்தார். இவன் அதைத்தான் சொல்கிறான். "கழுவுனேன்னு நெனக்கேன். கழுவலபோல. கை என்ன ஏமாத்துது." முப்பத்துமூன்று வயது மகளே. அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

எனக்குச் சத்தம் போட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது. உன் கை இல்லடா, அந்த வாள் என்று. சொன்னால் கேட்பானா? "ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பசாசு" என்பான்.

போன வாரம் ஓமன் ஏஜென்சிக்குப் போன் பண்ணிவிட்டான். வெல்டிங்குக்கே போகிறேன், இந்த வேலை எனக்கு ஆகாது, ஐயா ஞாயிற்றுக்கிழமை வருவார், காலில் விழுந்து வாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்கிறான். இன்றைக்கு மதுரையில் மெடிக்கல். காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். போனால் திரும்ப வருவானா? போன தடவை அவன் வந்தபோது பெட்டியில் அவன் அப்பா. இந்தத் தடவை யார்? நானாக இருந்தால் பரவாயில்லை. இந்த வாள் யாரைக் கேட்கிறது என்றுதானே தெரியவில்லை.

இன்னும் ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. நேற்று அவன் கடைசியாக ஒரு தடவை பண்ணிப் பார்த்தான். நானும் கடைசியாக ஒரு தடவை என்று, தெளிக்காமல், ஓலை நுனியைத் தீர்த்தத்தில் தொட்டுத் தொட்டு வாளின் நடுவில் சிலுவை போட்டேன். இன்று காலை அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, வெறுத்துப்போய் அப்படியே கிளம்பிவிட்டான். நான் பிரித்தேன்.

சிலுவை மகளே. சிவப்பாக. நான் எப்படிப் போட்டேனோ அப்படியே, கோடு மாறாமல். சேசுவின் சிலுவையிலேயே இரத்தம் கக்கியிருக்கிறது. அதற்குமேல் அது வீட்டில் இருக்கலாமா?

அதனால்தான் உவரி. பசாசு பிடித்தவர்களைக் கடலில் முக்கி எடுத்து அந்தோணியாரிடம் கொண்டுபோவார்களே. இதையும் கடலில் மூன்று முங்கு முக்கி, ஈரத்தோடு அவர் காலடியில் கொஞ்ச நேரம் வைக்கப்போகிறேன். வைத்துவிட்டு, அவன் மதுரையிலிருந்து வருவதற்குள் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். அவனுக்குத் தெரியவே வேண்டாம்.

ஏன் மகளே உன் முகம் அப்படிப் போகிறது?

தீர்த்தத்தில் உப்பா? ஆமாம், சொன்னேனே, ஒரு கை நிறைய. மந்திரித்த உப்பு. உங்கள் ஊர் உப்புதான்.

தெளிக்காத அன்றைக்கா? இரு, யோசித்துச் சொல்கிறேன். ரெஜினா வீட்டுக்கு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன் ஒரு தடவை. அன்றைக்கு அவன் பண்ணினது... இல்லை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "இந்தத் தடவ நல்லா வந்திருக்கு யம்மா" என்று போனில்கூடச் சொன்னான். கைப்பிடி ஓரத்தில் ஒரு இடம் வரி சரியாக விழவில்லை என்று நான் வந்த பிறகு திரும்பப் பண்ணினான். நானும் திரும்பத் தெளித்தேன். அப்போது வந்தது.

உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியா? ஜன்னல் கம்பிக்கும் இதற்கும் என்ன? கடற்கரை வீட்டில் கம்பி துருப்பிடிக்கும்தான். அது உப்புக்காற்று. இது...

இரு. போன் அடிக்கிறது. இன்னாசிதான். செண்பகம் சொல்லியிருப்பாள், நான் நீளமாக எதையோ தூக்கிக்கொண்டு போனேன் என்று. மாதாவே, நான் எடுக்கமாட்டேன். எனக்குக் கை வரவில்லை. நீ பேசு மகளே. அம்மா தூங்குகிறார்கள் என்று சொல்லு. வேண்டாம், பொய் வேண்டாம். எதையாவது சொல்லு.

என்ன சொல்கிறாய் அவனிடம்? தீர்த்தம், உப்பு, ஓலை... எல்லாவற்றையும் சொல்கிறாயே! என்ன சொல்கிறான்? கொடு இங்கே.

யய்யா, அம்மாதான். திட்டாதடா. ஆமா, நான்தான். ஆமா, உப்புதான். எண்ணெய்க்கு முன்னாலதான். ஒவ்வொரு தடவையும். ஏன்டா, மந்திரிச்ச உப்புமாடா துருப்பிடிக்க வைக்கும்?

சிரிக்கிறான் மகளே. உனக்குக் கேட்கிறதா? "வாளுக்கு ஞானஸ்நானமே குடுத்துட்டியே யம்மா" என்று சிரிக்கிறான். எவ்வளவு நாளாயிற்று இவன் சிரித்து. இல்லை, இரு, அழுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. யய்யா, ஏன்டா அழுத? என்ன கை? ஒங்கைக்கு என்ன?

"அப்போ என் கை கழுவிருக்கு யம்மா. எல்லாத் தடவையும் ஒழுங்காத்தான் கழுவிருக்கு." இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

மதுரைக்குப் போகலியா? செண்பகம் சொன்னதும் கோவில்பட்டியிலயே எறங்கிட்டியா? சரி. சரிய்யா. முக்கமாட்டேன். கடல் பக்கமே போகமாட்டேன். பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருக்கேன். நீ பதறாம வா.

வைத்துவிட்டான்.

என்னைப் பார்க்காதே மகளே, கொஞ்ச நேரம் வெளியே பார். திசையன்விளை தாண்டிவிட்டதா? அவன் வந்து நின்றால் அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? வேர்வை படக் கூடாது என்று ஓலையால் தொட்டேனே.

ஐயா ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதற்குள் ஒரு தடவை தேய்த்துவிடலாம் என்கிறான். தேய்த்துவிடுவான். அவன் கைக்கு ஒன்றும் இல்லையே.

ஆனாலும் பார், கோவிலுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தோணியார் கேட்டதைக் கொடுத்துவிட்டார். கண்டக்டரிடம் சொன்ன பொய்யும் பொய்யாகப் போக வேண்டாம். எனக்காக ஒரு ஆளுயர மெழுகுதிரி வாங்கி நீயே ஏற்றிவிடு. நான் பஸ் ஸ்டாண்டை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பையை இப்படி எடுத்துக் கொடு. தீர்த்த பாட்டில் அதில்தான் இருக்கிறது, சிந்திவிடப்போகிறது. என் மடியில் இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் வேண்டாம்.

அந்த ஜன்னலையும் இழுத்துச் சாத்து மகளே. கடல் காற்று வர ஆரம்பித்துவிட்டது.